பேரப்பிள்ளைகளுக்கு முன்கூட்டியே வாங்கிய கிறிஸ்மஸ் பரிசு: 25-ம் தேதி பிரித்தபோது எப்படி இருந்தது?

பொம்மைக்கடை_பாளை

ஜனவரி முதல் வாரம் முழுக்க எங்க கவுண்டர்ல ரிப்பேர்தான். இந்தத் தடவை வந்ததுல ஒரு பேசுற பொம்மை இன்னும் கண்ணுக்குள்ளயே நிக்குது. ஒரு ஆச்சி பேத்திக்காக செப்டம்பர்லயே வாங்கி, பீரோவுல சேலைக்கு நடுவுல பத்திரமா வச்சிருந்திருக்காங்க. பின்பக்க மூடியைத் திறந்தா செல் மூணும் பிதுங்கிக் கிடக்கு. ஸ்பிரிங் மேல வெள்ளைப் பொடி, ஓரத்துல பச்சைக் களிம்பு. பேத்தி பக்கத்துல நின்னு பொம்மையோட வயித்தை அமுக்கி அமுக்கிப் பாக்குது.

பெட்டியில ஓட்டை விட்டு "அமுக்கிப் பாருங்க"ன்னு போட்டு வர்ற பொம்மைக்குள்ள இருக்கிற செல், கடையில காட்டுறதுக்கு மட்டும்தான். பெரும்பாலும் விலை குறைஞ்ச துத்தநாக-கார்பன் செல். அதோட கூடே துத்தநாகம்தான், கரண்ட் கொடுக்கக் கொடுக்க அந்தத் தகடு அரிச்சு மெலியும், கடைசியில உள்ள இருக்கிறது கசியும்.

வாங்கின அன்னிக்கே கடையில போட்டுப் பாத்துருங்க. கண், வாய், பாட்டு, சக்கரம் எல்லாத்தையும் பாக்கணும். அப்புறம் செல்லை வெளிய எடுத்து, தனிக் கவர்ல போட்டு, பெட்டிக்கு வெளிய ஒட்டுங்க. டிசம்பர்ல புது ஆல்கலைன் செல் வாங்கி மாட்டுங்க. பழசையும் புதுசையும் கலக்க வேண்டாம். ஏற்கெனவே கசிஞ்சிருந்தா, ஆல்கலைன் கசிவுக்கு வினிகரோ எலுமிச்சைச் சாறோ காது குடையுற பஞ்சுல தொட்டுத் துடைக்கணும். துத்தநாக-கார்பனுக்கு சோடா உப்புத் தண்ணி. நல்லா காஞ்சதும் ஸ்பிரிங்கை நைஸ் உப்புத்தாள்ல தேய்ச்சா முக்காவாசி பொம்மை பிழைச்சுக்கும்.

ரிமோட் காரோட சார்ஜ் பேட்டரி வேற சங்கதி. முழுசா இறங்கின நிலையில மூணு மாசம் கிடந்தா திரும்பச் சார்ஜே ஏறாமப் போயிரலாம். பாதி அளவு சார்ஜ் ஏத்தி, கார்லயிருந்து கழட்டி வைங்க. இன்னொண்ணு, வாரண்டி ஓடுறது பில் தேதியிலயிருந்து. ஆறு மாச வாரண்டியில மூணு மாசம் பீரோவுலயே போயிரும். ஆன்லைன்ல வாங்கினா மாத்திக்கிற கெடு பெரும்பாலும் ஏழு நாள், பத்து நாள்தான். அதனால வந்த அன்னிக்கே பிரிச்சுச் சோதிச்சுட்டு, திரும்ப மூடி, கலர் பேப்பர் சுத்துங்க.

ஸ்போக்கு_நட்டு

செல் பத்தி அண்ணாச்சி சொல்லிட்டார். நான் சைக்கிளுக்கு வர்றேன்.

கிறிஸ்மஸ் அன்னிக்குச் சாயந்திரம் ஒரு தாத்தா உருட்டிட்டு வந்த புது 16 இஞ்ச் சைக்கிள். ஹேண்டில்ல கட்டின ரிப்பன்கூட அவிழ்க்கல. பார்த்ததும் தெரிஞ்சுது, முன் பிரேக் ஃபோர்க்குக்கு, அதான் முன் சக்கரத்தைப் பிடிச்சிருக்கிற கவைக்கு, பின்னால நிக்குது. முழு ஃபோர்க்கும் முன்பின்னா மாறிக் கிடக்கு. பையன் அதுலதான் காலையிலயிருந்து விழுந்து விழுந்து ஓட்டியிருக்கான், முட்டி ரெண்டும் செராய்ச்சிருக்கு.

பெட்டியில அடைக்கும்போது இடத்துக்காக ஃபோர்க்கைத் திருப்பி வச்சிருப்பாங்க. 24-ம் தேதி ராத்திரி வீட்ல மாட்டுறவங்க ஹேண்டில் நேரா இருக்கான்னு மட்டும் பாத்துட்டு ஹேண்டிலைப் பிடிக்கிற ஸ்டெம் போல்ட்டை முடுக்கிடுவாங்க. ஃபோர்க்கோட நுனி வளைவு முன்னால பாக்கணும், பிரேக்கும் முன்பக்கம் இருக்கணும். மாறி இருந்தா ஹேண்டில் சிலுப்பும், திருப்பத்துல பிள்ளையோட பாதம் முன் சக்கரத்துல இடிக்கும்.

அடுத்தது இடது பெடல். அதோட மரை தலைகீழ், இடப்பக்கம் சுத்தினாத்தான் ஏறும். பெடல் தண்டுலயே எல், ஆர்னு குத்தியிருக்கும். கையால நாலு சுத்து சுலபமா ஏறணும், அதுக்கப்புறம்தான் ஸ்பேனர். எடுத்த எடுப்புல ஸ்பேனர் போட்டு முறுக்கினா பெடல் மாட்டுற கிராங்க் தண்டோட மரை போயிரும், புது கிராங்க்தான்.

அளவுக்கு வயசைக் கேக்காதீங்க, காலை அளங்க. செருப்பில்லாம சுவத்துல சாய்ஞ்சு நிக்கச் சொல்லி, காலுக்கிடையில ஒரு நோட்டை மேல வரைக்கும் தூக்கிப் பிடிச்சு, தரையிலயிருந்து அதோட மேல் விளிம்பு வரைக்கும் அளக்கணும். சுமாரா 45-லயிருந்து 55 செ.மீ. வந்தா 16 இஞ்ச், அதுக்கு மேல 63 வரைக்கும் 20 இஞ்ச். முதல் சைக்கிள்னா சீட்டை முழுசா இறக்கி வச்சு உக்காந்தா ரெண்டு பாதமும் தரையில பதியணும். மூணு மாசத்துல கால் ஒரு செ.மீ. கூடும், அவ்வளவுதான். "வளர்ற பிள்ளை"ன்னு ஒரு சைஸ் பெருசா எடுத்தா, பயந்துட்டு சைக்கிளைத் தொடவே தொடாது.

அக்டோபர்ல வாங்கி வச்சா, ஐப்பசி கார்த்திகை மழையில பிளாஸ்டிக் கவர் போட்டு மூடாதீங்க. உள்ள வேர்த்து ரிம்மும் செயினும் துருப்பிடிக்கும். பழைய பருத்திப் போர்வை போதும். செயினுக்கு ரெண்டு சொட்டு எண்ணெய். காத்து இறங்கின டயர் மேல சைக்கிளை நிறுத்தி வைக்க வேண்டாம், ஓரம் வெடிக்கும்.

ஆடித்தள்ளுபடி

எங்க தெருவுல போன கிறிஸ்மசுக்கு ஒரே பேரனுக்கு அப்பா வீட்டுத் தாத்தாவும் அம்மா வீட்டுத் தாத்தாவும் ஒரே நிறத்துல ஒரே கார் கொடுத்தாங்க. பெத்தவங்ககிட்ட முதல்ல கேட்டுக்கோங்க. துணிமணியை ஆடியிலயே முடிச்சிரணும். 2026-ல தீபாவளி நவம்பர் 8, அதுக்கப்புறம் கிறிஸ்மசுக்கு ஏழு வாரம்கூட இல்லை. அளவுதானே பயம், ரெண்டு சைஸ் கூட எடுங்க.

தையல்_நாகர்கோவில்

ரெண்டு சைஸ் கூட எடுக்கச் சொன்னவங்க, விடியக்காலை ஆராதனையில பிள்ளைங்களைப் பாத்திருக்கீங்களா? தோள்பட்டை முழங்கைக்கு வந்துரும். போன பண்டிகைக்கு ஒரு குட்டிப் பொண்ணு பாட்டு முடியுற வரைக்கும் ஒரு கையால கழுத்தை இழுத்துப் பிடிச்சுக்கிட்டே நின்னுச்சு. நீளத்தையும் இடுப்பையும் குறைச்சிடலாம். தோளைக் குறைக்கணும்னா கையைப் பிரிச்சு, கழுத்தைப் பிரிச்சு, புதுசா தைக்கிற வேலை.

ரெண்டு வயசுக்கு மேல பிள்ளைங்க வருஷத்துக்கு 5-6 செ.மீ.தான் வளருவாங்க, அதுவும் பெரும்பாலும் கால்ல. செப்டம்பருக்கும் டிசம்பருக்கும் நடுவுல ஒன்றரை செ.மீ. கைக்குழந்தைதான் ஓடி வளரும். முதல் வருஷத்துல மட்டும் 25 செ.மீ. அளவுக்கு. அதனால ஒரு வயசுக்குள்ள இருக்கிற பிள்ளைக்கு மட்டும் டிசம்பர்ல எடுங்க, மத்தவங்களுக்குச் சரியான அளவுல எப்ப வேணா எடுக்கலாம்.

ஆடியில எடுக்கிறதுக்கு நான் எதிரி இல்லை. ரெடிமேடை விட்டுட்டு மீட்டர் துணியா எடுங்க. பருத்தின்னா வெட்டுறதுக்கு முன்னாடி ஒரு ராத்திரி ஊறப் போட்டு நிழல்ல காய வச்சிரணும், நூத்துக்கு மூணுலயிருந்து அஞ்சு வரைக்கும் சுருங்கும். ஃபிராக்குக்கு அடிமடிப்பு ரெண்டு இஞ்ச், பக்கத்தையல்ல ஒரு இஞ்ச் உள்ள விட்டுத் தைக்கச் சொல்லுங்க, அடுத்த வருஷத்துக்கும் பிரிச்சு விட்டுக்கலாம். பிள்ளையோட அளவை நவம்பர் முதல் வாரம் எடுங்க. வெளியூர்ல இருக்கிற பேத்தின்னா "மூணு வயசு"ன்னு சொன்னா எனக்கு வெட்ட முடியாது. இப்ப சரியா இருக்கிற ஒரு ஃபிராக்கைத் தரையில விரிச்சு, தோள், மார்பு, நீளம் மூணையும் டேப் வச்சு அளந்து போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க. நவம்பர் கடைசிக்கு மேல வந்தா நல்ல டெய்லர் யாரும் வாங்க மாட்டாங்க, வாங்கினா அவசரத்தையல்தான்.

ஷூவுக்கும் ஒரு வார்த்தை. சாயந்திரம் பிள்ளையைப் பேப்பர் மேல நிக்க வச்சு, குதிகால்லயிருந்து நீள விரல் வரைக்கும் கோடு போட்டு அளந்து, அதுல ஒரு செ.மீ. கூட்டுங்க. மூணு மாசத்துக்கு அந்த இடம் போதும். வெளிநாட்டுப் பிள்ளைன்னா எண்ணைக் கேக்காதீங்க, செ.மீ. கேளுங்க. இங்க பெரும்பாலும் எழுதியிருக்கிற இங்கிலாந்து 10, ஐரோப்பாவுல 28, அமெரிக்காவுல 11.

வார்டு_செவிலி

பீரோ பேச்சு வந்ததால் எழுதுகிறேன். பச்சைக் குழந்தைக்கு முன்கூட்டியே எடுத்த உடுப்பை அந்துருண்டை போட்டு வைக்காதீர்கள். ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ள குழந்தைக்கு அந்த நாப்தலின் ஆவியே சிவப்பணுக்களை உடைத்துவிடும். மஞ்சள் காமாலை ஏறும், சிறுநீர் கறுத்துப் போகும். குழந்தைக்கு அந்தக் குறை இருக்கிறது என்பது பல வீடுகளில் அதுவரை தெரிந்தே இருக்காது. வேப்பிலையைக் காயவைத்துத் துணிப்பையில் கட்டிப் போடுங்கள். அந்துருண்டை இருந்த பீரோவிலிருந்து எடுத்தது என்றால் துவைத்து வெயிலில் காயவைத்த பிறகே போட வேண்டும்.

இன்னொன்று, கிறிஸ்மஸ் குடிலுக்கு வைக்கும் எல்.இ.டி. மெழுகுவர்த்தி. எக்ஸ்ரேயில் ஒரு குழந்தையின் உணவுக்குழாயில் வட்டமாகத் தெரிந்தது. கூட வந்த பெரியவர் ஒரு ரூபாய் நாணயம் என்றார். ஓரத்தில் இரட்டை வளையம் இருந்தது. அப்படித் தெரிந்தால் அது பட்டன் செல். அந்த மெழுகுவர்த்திகளில் இருப்பது பெரும்பாலும் சி.ஆர் 2032, 20 மி.மீ. அகலம், சிறு பிள்ளையின் தொண்டையில் சரியாகச் சிக்கும் அளவு. ஈரத்தில் மின்னோட்டம் ஓடிக் காரம் உண்டாகி, இரண்டு மணி நேரத்திலேயே சதையை அரித்துவிடும். விளக்கு எரியாத "செத்த" செல்லும் இதைச் செய்யும்.

தரமான பொம்மையில் செல் மூடியை ஸ்குரூ போட்டு மூடியிருப்பார்கள். மெழுகுவர்த்தி, பாட்டுப் பாடும் வாழ்த்து அட்டை, மின்னும் நட்சத்திரம் ஆகியவை பொம்மை என்ற கணக்கில் வராததால் பலவற்றில் நகத்தால் நெம்பினாலே மூடி திறந்துகொள்ளும். வாங்கும்போதே நெம்பிப் பாருங்கள். விழுங்கிவிட்டது என்று சந்தேகம் வந்தாலே எக்ஸ்ரே வசதியுள்ள மருத்துவமனைக்கு உடனே ஓட வேண்டும். வாந்தி எடுக்க வைக்கக் கூடாது.

மூணு_பேரன்

அப்ப ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத பொம்மை எதையுமே வாங்கக் கூடாது, திருவிழாக் கடை மரச்சாமான் உட்பட. சரிதானே?

பொம்மைக்கடை_பாளை

இல்லைங்க. 2021 ஜனவரி 1-லயிருந்து 14 வயசுக்குட்பட்டவங்க பொம்மைக்கு ஐ.எஸ்.ஐ. கட்டாயம்தான். ஆனா கைவினை வளர்ச்சி ஆணையர்கிட்ட பதிஞ்ச கைவினைஞர்கள் செய்யுற பொம்மைக்கு விலக்கு இருக்கு. அம்பாசமுத்திரம் சொப்புச் சாமான்ல முத்திரை இல்லைங்கிறதுக்காக ஒதுக்கிட்டுப் போனா அந்தக் கடைசல்காரங்க பொழப்பு என்ன ஆகிறது? அதை வாங்கும்போது ஈரத்துணியால நல்லா தேய்ச்சு, சாயம் ஒட்டுதா, சிராய் நீட்டிட்டு இருக்கான்னு பாருங்க. மூணு வயசுக்குக் கீழன்னா குட்டிக் கரண்டியையும் உழக்கையும் எடுத்து வச்சிருங்க. 32 மி.மீ. துளைக்குள்ள போற எதுவும் அந்த வயசுக்கு ஆகாது.

ஃபேக்டரி பொம்மையில முத்திரையை மட்டும் பாக்காதீங்க. அதுக்குக் கீழ சி.எம்/எல்னு ஆரம்பிக்கிற உரிம எண் இருக்கணும். ஐ.எஸ்.ஐ. முத்திரை கொடுக்கிற அமைப்போட பி.ஐ.எஸ். கேர் செயலியில அந்த எண்ணைப் போட்டா கம்பெனி பேரும் முகவரியும் வரும், பெட்டியில இருக்கிறதோட ஒத்துப் பாருங்க.

பார்சல்_கவுண்டர்

வெளிநாட்டுப் பேரப்பிள்ளைகளுக்கு அனுப்புறவங்க டிசம்பர் 10-க்கு மேலதான் பெட்டியைத் தூக்கிட்டு வர்றாங்க, அதுவும் சுத்தி டேப் ஒட்டி. எல்லாத்தையும் பிரிக்கச் சொல்லும்போது அவங்க முகம் வாடுறதைப் பாக்க எங்களுக்கும் கஷ்டமாத்தான் இருக்கு. பெட்டியைத் திறந்தபடி கொண்டு வாங்க, டேப்பையும் கையில எடுத்துட்டு வாங்க.

கூரியர்ல எடையை மட்டும் பாக்க மாட்டாங்க. நீளம், அகலம், உயரம் மூணையும் செ.மீ.-ல பெருக்கி 5000-ஆல வகுத்து வர்ற எண் எடையை விடக் கூடுதலா இருந்தா அதுக்குத்தான் காசு. 40, 30, 30 பெட்டியில ஒரு கரடி பொம்மை. கரடி ஒண்ணேகால் கிலோ இருக்கும், பில் 7.2 கிலோவுக்கு. கரடியை அங்கயே வாங்கச் சொல்லிட்டு, இங்கயிருந்து துணியும் தமிழ்ப் புத்தகமும் அனுப்புங்க. பவர் பேங்க், சென்ட், நெயில் பாலிஷ் மூணையும் வச்சுட்டு வராதீங்க, திருப்பித்தான் கொடுப்போம்.

பாரத்துல "பொம்மைகள்"னு ஒத்தை வார்த்தை எழுதினா சுங்கத்துல நிக்கும். "பருத்தி ஃபிராக் 1, மரப் புதிர் 1"னு எண்ணிக்கையோட, விலையோட எழுதுங்க. அமெரிக்காவுல 800 டாலர் வரைக்கும் இருந்த சுங்க வரிச் சலுகை 2025 ஆகஸ்ட் 29-ல நின்னது. அப்ப நம்ம தபால் துறையும் அங்க பார்சல் அனுப்புறதை நிறுத்தி, அக்டோபர் 15-லதான் திரும்ப ஆரம்பிச்சது. டிசம்பர்ல இப்படி ஒண்ணு வந்தா பெட்டி ஊர்லயேதான் கிடக்கும், அதனால நவம்பர் நடுவுக்குள்ள அனுப்பிருங்க. ஆஸ்திரேலியாவுக்கு வைக்கோல் போட்ட குடில், விதை கோத்த மாலை வேண்டவே வேண்டாம். அங்க தாவரப் பொருள் சோதனை கடுமை, பிடிச்சு அழிச்சிருவாங்க.

மூணு_பேரன்

எனக்கு மூணு பேரும் லண்டன்ல ஒரே வீட்ல. மூணு பார்சலா போடணுமா?

பார்சல்_கவுண்டர்

வேண்டாம் ஐயா, ஒரே பெட்டி போதும். இங்கிலாந்துல பரிசுக்கு 39 பவுண்டு வரைக்கும் வாட் வரி இல்லை, அது ஆளுக்கு ஒரு கணக்கு. மூணு பேர் பரிசையும் தனித்தனியா சுத்தி, ஒவ்வொண்ணு மேலயும் அந்தப் பேரன் பேரை எழுதுங்க. சுங்கத்துக்குக் கொடுக்கிற சி.என் 23 பாரத்துலயும் மூணு வரியா, பேரும் பொருளும் விலையும் பிரிச்சு எழுதி, "பரிசு" கட்டத்துல டிக் பண்ணுங்க. ஒரே வரியில மொத்தமா எழுதினா, மொத்த விலை 39-ஐத் தாண்டினதும் வாசல்ல உங்க மகன்கிட்ட வரியும் கையாளுற கட்டணமும் கேப்பாங்க. சுத்துறதுக்கு முன்னாடி மூணையும் எங்ககிட்ட காட்டிருங்க, பேப்பரை இங்கயே ஒட்டிக்கலாம்.