புதுப்பிப்பு: சென்னையில் படிக்கப் போகும் மகளுக்கு ஓசிஐ கிடைத்துவிட்டது

கொள்ளுத்தாத்தா தமிழ்நாட்டுக்காரர் என்ற ஆதாரத்தில் மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் பிறந்த பிள்ளைக்கு ஓசிஐ (இந்திய வம்சாவளி வெளிநாட்டவருக்கு இந்தியா தரும் வாழ்நாள் விசா அட்டை) கிடைக்குமா, மலேசியக் குடியுரிமைக்கு ஆபத்தா என்று கேட்டிருந்தேன். கிடைத்தது. பதில் சொன்ன அனைவருக்கும் நன்றி.

பலன் தந்தது, “தலைமுறைச் சங்கிலி அறுபடாமல் காட்டுங்கள்” என்று ஓர் அண்ணன் சொன்ன யோசனை. கொள்ளுத்தாத்தாவின் பிறந்த ஊர் உள்ள பழைய பாஸ்போர்ட், பிறகு தாத்தா, அப்பா, மகள் மூவரின் சூராட் பெரானாக் (பிறப்புச் சான்றிதழ்). முதலில் விண்ணப்பம் திரும்பி வந்ததற்குக் காரணம் பெயர்: ஒரு தாளில் முனியாண்டி, இன்னொன்றில் முனியண்டி. தோட்டத்துப் பதிவுகளில் இது சாதாரணம், முன்பே ஒப்பிட்டுப் பாருங்கள். இருவரும் ஒருவரே என்று சத்தியப்பிரமாண ஆணையர் முன் கையெழுத்திட்ட உறுதிமொழியைச் சேர்த்ததும் சரியானது.

எதிர்பாராதது கல்லூரிச் சேர்க்கைதான். மாணவர் விசாவும் எஃப்ஆர்ஆர்ஓ (வெளிநாட்டவர் பதிவு அலுவலகம்) பதிவும் தேவையில்லை. ஆனால் இந்திய அரசின் 2021 மார்ச் 4 அறிவிப்பின்படி நீட் (மருத்துவம்), ஜேஇஇ (பொறியியல்) நுழைவுத் தேர்வுகள் வழியில் என்ஆர்ஐ (வெளிநாடுவாழ் இந்தியர்) இடங்கள் அல்லது கூடுதல் இடங்கள் மட்டுமே. இந்தியக் குடிமக்களுக்கென ஒதுக்கிய இடம் கிடையாது. ஆராய்ச்சிக்குத் தனி அனுமதி வேண்டும்.

ஓசிஐ குடியுரிமை அல்ல: வாக்கில்லை, விவசாய நிலம் வாங்க முடியாது. மலேசியா இரட்டைக் குடியுரிமையை ஏற்காது என்று பயந்தவர்களுக்கு இதுவே பதில். மகள் மலேசிய பாஸ்போர்ட்டில்தான் போகிறாள். 20 வயதுக்குப் பின் புது பாஸ்போர்ட் எடுத்தால் ஓசிஐ கார்டை ஒருமுறை மாற்ற வேண்டும்.