42 விசைக் கீபோர்டில் தமிழ்99: ஞ-வை எங்கே வைக்கலாமுங்க?

வணக்கமுங்க, பெருந்துறையிலிருந்து எழுதுகிறேன். இரண்டு பாதியாகப் பிரிந்த, பக்கத்துக்கு 21 விசை இருக்கிற கார்ன் (Corne) கீபோர்டுக்கு, விசைகளை மாற்றியமைக்கிற கியூஎம்கே (QMK) மென்பொருளில் தமிழ்99 என்கிற தமிழ் விசை அமைப்பை வைக்கிறேன். இடக்கையில் உயிர், வலக்கையில் பெரும்பாலான மெய் என்பதால் இரண்டாகப் பிரிந்த கீபோர்டுக்கென்றே செய்தது மாதிரி பொருந்துகிறது, விட மனசு வரவில்லை. சிக்கல் வலது ஓரத்தில்தான். வழக்கமாக பேக்ஸ்பேஸ் இருக்கும் மூலைக்கு ச வந்துவிட்டது, அதற்கடுத்த ஞ-வுக்கு இடமே இல்லை. பேக்ஸ்பேஸைக் கட்டைவிரலுக்கு மாற்றிவிட்டேன், சரி. ஞ-வுக்கு ண, ச இரண்டையும் சேர்த்து அழுத்துகிற காம்போ போதுமா, தனி லேயரே (வேறொரு விசையைப் பிடித்தால் வருகிற இன்னொரு விசை அடுக்கு) வேண்டுமா?

அப்புறம், அ, இ, உ விசைகளை அழுத்திப் பிடித்தால் கண்ட்ரோல், ஷிப்ட் வேலை செய்கிற மாதிரி வைத்தேன், தட்டினதா, பிடித்ததா என்று பிரிக்கிற நேரத்தை 200 மில்லிசெகண்டாக வைத்தால் எழுத்து அடிக்கடி விட்டுப்போகிறது. இதில் தமிழ் அடிக்கிறவங்க எவ்வளவு வைத்திருக்கீங்க, சொல்லுங்க.