திம்பம் ஏறினால் இழுவை போகும் டீசல் எஸ்டேட் கார்: டர்போவை மாற்றத்தான் வேண்டுமா?

ஊர் கோபி. வண்டி 2011 மாடல் டீசல் எஸ்டேட் (பின்பக்கம் சாமான் வைக்க நீளமாக இடம் இருக்கும் கார்), 2 லிட்டர் காமன் ரெயில் எஞ்சின், 1,42,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. கம்பெனி பெயர் வேண்டாம், சொன்னால் பேச்சு அந்தப் பக்கம் போய்விடும்.

மூன்று மாதமாக ஒரே தொல்லை. பண்ணாரி தாண்டித் திம்பம் மலை ஏறும்போது, 27 கொண்டை ஊசி வளைவில் ஏழெட்டு முடிவதற்குள் இழுவை திடீரென்று போய்விடுகிறது, ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தாலும் வண்டி முனகுகிறதே தவிர ஏறுவதில்லை, எஞ்சின் விளக்கும் எரிகிறது. ஓரங்கட்டி அணைத்து மறுபடி ஸ்டார்ட் செய்தால் ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடும், அடுத்த நீண்ட ஏற்றம் வரைக்கும். ஈரோடு, பெருந்துறை பக்கம் சமதளத்தில் தொந்தரவே இல்லை. கரும்புகையும் இல்லை, ஆயிலும் குறையவில்லை.

ஏர் ஃபில்டர், டீசல் ஃபில்டர் மாற்றியாச்சு. புகையில் கொஞ்சத்தைத் திரும்ப எஞ்சினுக்குள் விடும் இஜிஆர் வால்வைக் கழற்றிக் கழுவியாச்சு. இன்டர்கூலர் ஹோஸில் கசிவு இல்லை, வேக்குவம் குழாய்களும் புதுசு. ஸ்கேன் செய்தால் டர்போ (எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் பாகம்) தரும் அழுத்தம் அளவுக்கு மேல் போவதாகக் காட்டுகிறது. ஒரு மெக்கானிக் டர்போவையே மாற்றச் சொல்கிறார், 85,000 ரூபாய். இன்னொருவர், டர்போ உள்ளே இருக்கும் வேன்களில் (vane, அசையும் சின்னத் தகடுகள்) கரி பிடித்து அசையாமல் நிற்கும், சுத்தம் செய்தால் போதும் என்கிறார்.

விற்க மனசில்லைங்க. பின்சீட்டை மடக்கினால் மஞ்சள் மூட்டை ஏற்றலாம், முன்சீட்டில் மைசூர் வரை உட்கார்ந்தாலும் முதுகு வலிக்காது. டாஷ்போர்டு பட்டன்கள் பிசுபிசுவென ஒட்டுவதும் கூரைத் துணி தொங்குவதும் வேறு கதை.

சரி, கேள்வி இதுதான்: டர்போவை மாற்றாமல் வேன்களில் கரி மட்டும் எடுத்தவர்கள் யாராவது இருந்தால், அதற்கப்புறம் மலை ஏற்றத்தில் இதே பிரச்சினை திரும்ப வந்ததா?