ரிப்போர்ட்டில் இரும்பு 20, லைனரில் படி

டக் போட்காரன்:

சிங்கப்பூர் பாசிர் பாஞ்சாங் பக்கம் ஓடிய டக் போட் (கப்பலை இழுக்கும் படகு) ஒன்றில் நடந்தது. மூன்று வருஷமாகியும் மனசை விட்டுப் போகவில்லை. உள்ளே தேய்ந்த உலோகம் எவ்வளவு கலந்திருக்கிறது என்று பார்க்க மெயின் இன்ஜின் ஆயில் சாம்பிள் மாதாமாதம் லேபுக்குப் போகும். இரும்பு 20, 19, 21, திரும்ப 20 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு). நார்மல் என்று வரும், கையெழுத்துப் போட்டு ஃபைலில் வைத்துவிடுவேன்.

எங்கள் மோட்டார்மேன் நாகப்பட்டினத்துக்காரர், அறுபதை நெருங்கியவர். ஒரு நாள் பில்ஜ் பம்ப் பக்கத்தில் கவிழ்த்து வைத்திருந்த காலி டின்களைக் காட்டினார். “முன்னாடி வாரத்துக்கு எட்டு லிட்டர் ஊத்துவேன் தம்பி. இப்ப ஒரு டின்னு முழுசா போகுது. நீங்க பேப்பர்ல நல்லாருக்குங்குறீங்க.” டின் 20 லிட்டர்.

அன்று ராத்திரியே கணக்குப் போட்டேன். சம்ப்பில், அதாவது இன்ஜினுக்கு அடியில் ஆயில் தங்கும் தொட்டியில், 200 லிட்டர். மாதம் 80 லிட்டர் எரிந்து போகிறது, அதிலிருந்த இரும்பும் கூடவே போகிறது. அந்த இடத்தில் 80 லிட்டர் புது ஆயில். இத்தனை கலந்தும் எண் இறங்காமல் 20லேயே நிற்கிறதே! ஆயிலே குடிக்காத இன்ஜினாக இருந்திருந்தால் மாதத்துக்கு 8 பிபிஎம் ஏறிக்கொண்டே போயிருக்கும்.

மூன்றாம் சிலிண்டர் ஹெட்டைத் தூக்கினோம். பிஸ்டனின் டாப் ரிங் மேலே போய்த் திரும்பும் இடத்தில் லைனரில் (சிலிண்டரின் உள்சுவர்) நகத்தை வைத்து மேலே இழுத்தேன். தேய்ந்து விழுந்த படியில் தட்டி நின்றது. அந்த வளையத்தில், ஆயிலைப் பிடித்துவைக்கக் கீறியிருக்கும் ஹோனிங் கோடே இல்லை, கண்ணாடி மாதிரிப் பளபளத்தது. லைனரின் விட்டத்தை அளக்கும் போர் கேஜை அப்புறம்தான் எடுத்தோம். அந்தத் தட்டல் இன்னும் விரல் நுனியில் இருக்கிறது.

கிராஞ்சி மெக்கானிக்:

எனக்கு இதற்கு நேர்மாறு. ஒரு டிப்பர் லாரி, ஆயில் குறையவே குறையாது. டிரைவர் அண்ணனுக்கு அதில் பெருமை, “சொட்டுக்கூட குடிக்காது” என்பார். சர்வீசுக்கு வந்தபோது ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கைத் துடைக்கப் போனேன், டீசல் வாடை குப்பென்று அடித்தது. விரலில் தேய்த்தால் ஆயில் தண்ணியாக ஓடியது. இன்ஜெக்டர் ஒழுகி டீசல் கீழே இறங்கிக்கொண்டிருந்திருக்கிறது. ஆயில் எரிந்து போன அளவை டீசல் நிரப்பியதால் கோடு மட்டும் அப்படியே நின்றது. மெயின் பேரிங்கைக் கழற்றிப் பார்த்தபோது மேல்பூச்சு தேய்ந்து, அடியிலிருந்த செம்பு நிறம் வெளியே தெரிந்தது.

இன்னொன்று, டிப்ஸ்டிக்கை எப்போதும் ஒரே மாதிரி பாருங்கள். காலையில் இன்ஜின் போடும் முன், சமதரையில். 40 லிட்டர் ஆயில் 30 டிகிரியிலிருந்து 90க்குச் சூடானால் ஒன்றரை லிட்டருக்கு மேல் உப்பும். ஒரு நாள் சூட்டில், ஒரு நாள் குளிர்ச்சியில் பார்த்தால் அது அளவே இல்லை.

செகண்ட் இன்ஜினியர்:

டக் போட் நண்பரே, உங்கள் கணக்கு சரி. ஆனால் படிக்கிறவர்களுக்கு லேப்தான் ஏமாற்றியது என்று தோன்றும், அதை ஒத்துக்கொள்ள மாட்டேன். சாம்பிளோடு போகும் ஃபாரத்தில் ஆயில் எத்தனை மணி நேரம் ஓடியது, எத்தனை லிட்டர் சேர்த்தீர்கள் என்று கட்டம் இருக்குமே. அதை நிரப்பினீர்களா? இந்த ஊர் ஜெட்டிகளில் பாட்டிலைக் கொடுக்கிற முக்கால்வாசிப் பேர் அதைக் காலியாகத்தான் விடுகிறார்கள்.

நான் இருப்பது பெரிய டூ ஸ்ட்ரோக் இன்ஜின். கிழக்கு நங்கூரத்தில் பங்கர் (கப்பல் எரிபொருள்) எடுத்துக் கிளம்பிய ஒரு பயணத்தில், ஸ்கேவஞ்ச் டிரெயினில் (சிலிண்டரிலிருந்து வழியும் ஆயில் வடியும் குழாய்) வந்த ஆயிலை விரலில் தேய்த்தபோது மணல் மாதிரி நறநறத்தது. எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையிலிருந்து எரிபொருளோடு வரும் கேட்டலிஸ்ட் தூள். எரிபொருளைச் சுத்தம் செய்யும் பியூரிஃபையர் அதைச் சரியாகப் பிரிக்கவில்லை. என் கதை அவ்வளவுதான், ஆனால் டூ ஸ்ட்ரோக்கில் புதிதாகச் சேர்கிறவர்களுக்குச் சில விஷயம் சொல்ல வேண்டும். நம் சிலிண்டர் ஆயில் ஒருமுறை போனால் போனதுதான், சம்ப்புக்குத் திரும்பாது. அதனால் டிரெயின் சாம்பிளை லோடு நிலையாக இருக்கும்போது எடுங்கள், கிலோவாட் மணிக்கு எத்தனை கிராம் ஆயில் போகிறது என்று அதே பாட்டிலில் எழுதுங்கள். ஆயிலை இரண்டு மடங்கு கொடுத்தால், தேய்மானம் மாறாமலே இரும்பு எண் பாதியாகிவிடும். பிஸ்டன் ராடைச் சுற்றி அடைக்கும் ஸ்டஃபிங் பாக்ஸ் கசிந்தால், கீழே பேரிங்குகளுக்கு ஓடும் சிஸ்டம் ஆயிலும் வந்து கலக்கும், அந்த ஆயிலில் இருக்கும் துத்தநாகம் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம், லேப் கருவி சில மைக்ரான் துகளைத்தான் சரியாகப் பார்க்கும். பெரிய சில்லு உதிர்ந்தால் பிபிஎம் அசையாது. அதற்குக் காந்தத்தில் ஒட்டும் இரும்பைத் தனியாக அளக்கும் பிக்யூ சோதனை கேளுங்கள். இதையெல்லாம் செய்த பிறகும், சிலிண்டருக்குள் காற்று நுழையும் ஸ்கேவஞ்ச் போர்ட் வழியே டார்ச் அடித்து ரிங்கைப் பாருங்கள்.

டக் போட்காரன்:

லேபைக் குறை சொல்லவில்லை அண்ணே. ஆனால் நீங்கள் கேட்டது சரி, அந்தக் கட்டம் காலியாகத்தான் போனது. நிரப்ப வேண்டியவன் நான். லைனர் மாற்றிய பிறகு மோட்டார்மேன் ஒவ்வொரு தடவை ஊற்றும்போதும் டேங்க் பக்கத்தில் சாக்குக்கட்டியால் தேதியும் லிட்டரும் எழுத ஆரம்பித்தார். மாசக் கடைசியில் அதைக் கூட்டி எழுதிய பிறகுதான் நான் பாட்டில் மூடியைத் திருகுவேன். அவர் ஊருக்குப் போய்விட்டார். அவர் கடைசியாக எழுதியது வாரம் 7 லிட்டர்.