மெக்கார்டில் நோய் உள்ளவர் உடற்பயிற்சி செய்யலாமா?

கேள்வி:
என் தம்பிக்கு வயது 24. மெக்கார்டில் நோய் என்ற பரம்பரைத் தசைநோய் இருப்பது மரபணுச் சோதனையில் உறுதியாகியுள்ளது. பேருந்தைப் பிடிக்க நாலு எட்டு ஓடினாலே தொடை கல்லாக இறுகிவிடுகிறது. மெதுவாக நடந்தாலோ, பத்து நிமிடத்தில் வலி தணிந்து, பிறகு அரை மணி நேரம் எளிதாக நடக்கிறான். சோம்பல் என்று பல ஆண்டுகள் அவனை ஏசியிருக்கிறோம். அவன் உடற்பயிற்சி செய்யலாமா?

பதில் 1:
எனக்கும் இதே நோய்தான். தசையில் சேமித்த கிளைக்கோஜன் என்ற சர்க்கரை இருப்பை உடைக்கும் நொதி நமக்கு இல்லாததால் முதல் சில நிமிடங்கள் எரிபொருளின்றித் தவிக்கிறோம். இரத்தத்திலிருந்து குளுக்கோஸும் கொழுப்பு அமிலங்களும் வந்து சேர்ந்ததும் தசை இளகுகிறது. இதையே ‘இரண்டாம் மூச்சு’ என்கிறார்கள். வலி தொடங்கும்போதே வேகத்தைக் குறைத்து அந்தக் கட்டத்தைக் கடந்தால், மிதமான நடையும் சைக்கிளும் தாங்குதிறனைக் கூட்டும். பளு தூக்குவதும் தோப்புக்கரணம் போல உட்கார்ந்து எழும் பயிற்சியும் வேண்டாம். ஒருமுறை இறுகிய பாட்டில் மூடியைத் திருகியே என் விரல்கள் மடங்கி நின்றுவிட்டன.

பதில் 2:
கடும் வலிக்குப் பின் சிறுநீர் கருந்தேநீர் நிறத்தில் போனால், சிதைந்த தசையிலிருந்து வெளியேறும் மயோகுளோபின் என்ற புரதம் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடும் என்பதால், உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். பயிற்சிக்குச் சற்று முன் சர்க்கரை நீர் அருந்துவது உதவும். தினமும் அருந்தினால் எடை கூடும், மருத்துவரிடம் அளவு கேளுங்கள்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. சென்ற ஆண்டு அந்த நிறத்தைக் கண்டு மஞ்சள் காமாலை என்றுதான் நினைத்தோம்.