ஸ்கேனில் 'இரட்டைக் குமிழி': அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

என் மனைவிக்கு இப்போது 29-வது வாரம். 20-வது வார ஸ்கேனில் எல்லாம் சரியாக இருந்தது. போன வாரம் பார்த்தால் குழந்தையின் வயிற்றுக்குள் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு கருப்பு வட்டங்கள். ஒன்று இரைப்பை, மற்றது முன்சிறுகுடல் (சிறுகுடலின் தொடக்கப் பகுதி); அங்கே குடலில் அடைப்பு இருப்பதால் அதற்கு மேலே வீங்கியிருக்கிறது என்றார் டாக்டர். குழந்தை விழுங்கும் நீர் கீழே இறங்காததால் பனிக்குட நீரும் கூடியிருக்கிறது. இந்த அடைப்பு பெரும்பாலும் 24 வாரத்துக்குப் பிறகுதான் தெரியுமாம், முதல் ஸ்கேனைக் குறை சொல்ல முடியாது (மனசு கேட்கவில்லை என்பது வேறு).

டவுன் சிண்ட்ரோமும் (ஒரு குரோமோசோம் கூடுதலாக இருப்பதால் வரும் பிறவி நிலை) சேர்ந்து வரலாம் என்பதால் பனிக்குட நீரை ஊசியால் எடுத்துப் பரிசோதிக்கச் சொல்கிறார்கள். அப்புறம் குழந்தைக்கு இதய ஸ்கேன். பிறந்த சில நாட்களில் அடைப்புக்கு ஆபரேஷன்.

அந்த ஊசிதான் பயமாக இருக்கிறது. இந்த வாரங்களில் செய்துகொண்டவர்கள் இருக்கிறீர்களா? நீர் கூடியதால் பிரசவம் முன்கூட்டியே வந்ததா? ஆபரேஷன் முடிந்து எத்தனை நாளில் தாய்ப்பால் கொடுத்தீர்கள்?