சின்னப் பெட்டி வாங்கிய ஆபீஸ்காரர்களே, உங்கள் கதை என்ன?

கணக்குப்பிள்ளை:
போன தீபாவளிக்கு முன்னால் எங்கள் ஆடிட்டர் ஆபீஸில் பழைய டவர் கம்ப்யூட்டர்களைக் கழற்றிவிட்டு ஒன்பது மினி பிசி போட்டோம். ஒரு லிட்டர் அளவுப் பெட்டி, மானிட்டர் முதுகில் திருகி மாட்டுகிற வகை. கரண்ட் பில் குறையும், மேசை காலியாகும் என்று ஆடிட்டரிடம் பேசிச் சம்மதிக்க வைத்தது நான்தான். முன்னால் இருந்து பார்த்தால் கம்ப்யூட்டர் இருப்பதே தெரியாது. அழகுதான், இல்லை என்று சொல்லவில்லை.

மார்ச் 31, இரவு பத்தே முக்கால். கடைசி ஆளாக விளக்கை அணைத்தேன். இருட்டில் சுவர் முழுக்க வெள்ளைப் புள்ளிகள். சீனியர் அக்கவுண்டன்ட்டின் மானிட்டருக்குப் பின்னால் கையை விட்டுப் பார்த்தேன். சோறு வடித்து அரை மணி ஆன பாத்திரத்தைத் தொட்டது போல வெதுவெதுப்பு. ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்ததில் ஒன்பதில் ஏழு சூடு. ஆறு மாதமாக எல்லாரும் மானிட்டர் பட்டனை அமுக்கிவிட்டு வீட்டுக்குப் போயிருக்கிறார்கள்.

மறுநாள் கேட்டால், "தினமும் அணைச்சுட்டுத்தானே தம்பி போறேன்" என்றார் பெரியவர். திரை கறுத்துவிடுகிறது, சத்தமும் இல்லை. அவர் வேறு என்ன நினைப்பார்? "வேற பட்டன் எங்க இருக்கு, காட்டு" என்றார். நானும் விரலால் தடவித் தடவித்தான் கண்டுபிடித்தேன். அந்த நிமிஷம் பட்ட வெட்கம் இன்னும் போகவில்லை.

மீட்டர் ரீடிங்:
இதற்கா இவ்வளவு வருத்தம்? சும்மா நிற்கும்போது அந்த மாதிரிப் பெட்டி 10 வாட் இழுக்கும் என்று வையுங்கள். ராத்திரி 14 மணி நேரத்துக்கு 0.14 யூனிட். ஏழுக்கும் சேர்த்து ஒரு யூனிட் கூட வராது. உங்கள் ஆடிட்டர் அறையில் ஒன்றரை டன் ஏசி இருந்தால் மணிக்குக் கிட்டத்தட்ட ஒன்றரை யூனிட் வாங்கும். அதை நாற்பது நிமிஷம் முன்னால் அணைத்தால் கணக்கு நேராகிவிடும்.

என் கதை சின்னது. கடையில் மினி பிசியின் 19 வோல்ட் அடாப்டரை 12 வோல்ட் மோடத்தில் சொருகிவிட்டேன். இரண்டின் முனையும் ஒரே மாதிரி உருண்டை, இரண்டு அடாப்டரும் ஒரே மாதிரிக் கறுப்பு. 'டப்' என்றது, அவ்வளவுதான்.

அதனால் சொல்கிறேன், கேளுங்கள். அடாப்டர் ஒவ்வொன்றிலும் பெயிண்ட் மார்க்கரால் வோல்ட் எழுதுங்கள். மானிட்டர் முதுகில் இருக்கும் நாலு துளை 100 மில்லிமீட்டருக்கு 100 மில்லிமீட்டர் என்பது பொது அளவு, ஆனால் சில மானிட்டரில் ஸ்டாண்டே அந்தத் துளையில்தான் உட்காரும். வாங்கும் முன் பாருங்கள். காற்று போகும் பக்கம் சுவரை ஒட்டி இருக்கக் கூடாது. விண்டோஸில் இருபது நிமிஷத்தில் தூங்கும்படி வைத்துவிட்டால் பெரியவர் எந்தப் பட்டனையும் தேட வேண்டாம். பயாஸில், அதாவது விண்டோஸுக்கு முன்னால் வருகிற அடிப்படை செட்டிங்கில், கரண்ட் வந்ததும் தானாக எழுகிற வசதி இருக்கும். அதைப் போட்டுவிட்டு ராத்திரி மெயின் சுவிட்சை அணைக்காதீர்கள், காலையில் சுவிட்சைப் போட்டதும், ஆள் மேசைக்கு வருவதற்கு முன்பே ஒன்பதும் எழுந்து உட்கார்ந்திருக்கும். புதிதாக வாங்கினால் இன்டெல் பிராசசர் எண்ணுக்குப் பின்னால் டி என்ற எழுத்து இருக்கிறதா பாருங்கள், அவை 35 வாட் ரகம். அப்புறம் ஈ-வேஸ்ட்...

திருப்பூர் ஷிஃப்ட்:
மீட்டர் சார், யூனிட் கணக்கு மட்டும் போட்டால் எப்படி? 2012 கரண்ட் கட் நேரத்தில் எங்களுக்கு வாட் என்றால் பேட்டரி. பனியன் கம்பெனி ஷிப்பிங் செக்‌ஷனில் ஆறு தின் கிளையன்ட். வேலையெல்லாம் சர்வரில் நடக்கும், இந்தப் பெட்டி அதைத் திரையில் காட்டும், அவ்வளவுதான். ஃபேன் இல்லை, டிஸ்க் இல்லை, ஒரு புத்தகக் கனம். திரையோடு சேர்த்து ஒன்று 25 வாட்டுக்குள். பழைய டவர், குண்டு மானிட்டர் எல்லாம் இருந்திருந்தால் எங்கள் இன்வெர்ட்டர் ஒரு மணி நேரம் கூடத் தாங்கியிருக்காது.

கரண்ட் போனதும் ஷெட்டில் அத்தனை தையல் மெஷினும் ஒரே நேரத்தில் நிற்கும். அந்த அமைதியில் எங்கள் ஆறு பேர் கீபோர்டு சத்தம் மட்டும் கேட்கும். கொஞ்சம் பெருமையாகவே இருக்கும். ஒரு நாள், கன்டெய்னர் கிளம்ப இரண்டு மணி நேரம் இருக்கும்போது, சர்வரின் யூபிஎஸ் படுத்துவிட்டது. எங்கள் திரை அணையவில்லை. இணைப்பு போய்விட்டது என்ற ஒரே வரி, ஆறு திரையிலும். பேக்கிங் லிஸ்ட்டை அன்று கையால் எழுதினேன்.

மாடிப்படி:
எங்களுடையது ஃபேன் இல்லாத பெட்டி. மேலே முழுக்க அலுமினியத் தகடு வரி வரியாக. முதல் ஆயுத பூஜைக்குப் பெருக்கும் அக்கா சந்தனக் கிண்ணத்தோடு நின்று, "எங்கப்பா பொட்டு வைக்கிறது? இதுக்கு மூஞ்சியே இல்லையே" என்றார். பழைய டவருக்கு நெற்றி மாதிரி ஒரு இடம் இருந்தது. கடைசியில் தகட்டு இடுக்கிலேயே அப்பிவிட்டார். சூட்டில் காய்ந்து இறுகி, பல் தேய்க்கும் பிரஷ் போட்டும் போகவில்லை.

அடுத்த வருஷம் பெட்டியைக் கண்டுகொள்ளவே இல்லை. பொட்டு, பூ, எலுமிச்சை எல்லாம் வைஃபை ரவுட்டருக்கு. "இதுதான் கண்ணு சிமிட்டுது, உயிரோட இருக்கு" என்றார். எனக்கு இன்னும் பதில் தெரியவில்லை.

டிசைன் படித்தவன்:
முகம் இல்லாத பெட்டி புதிதா என்ன? 2000இல் ஆப்பிள் ஒரு கன சதுரம் விட்டது. ஃபேன் இல்லை, சூடு மேல் வழியாகத் தானாகப் போகும், பட்டனுக்குப் பதில் தொட்டால் போதும். நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஆனால் 2001லேயே உற்பத்தியை நிறுத்திவிட்டார்கள். 2024 மேக் மினிக்கு பட்டன் அடிப்பக்கத்தில்! கணக்குப்பிள்ளை, உங்கள் பெரியவர் மேல் தப்பே இல்லை. சத்தம், விளக்கு, பட்டன் மூன்றையும் எடுத்துவிட்டு மனிதன் எதைப் பார்த்துத் தெரிந்துகொள்வான்?

பழைய அட்மின்:
எடுத்ததும் நல்லதுதான் ஐயா, சண்டை வேண்டாம். 2003இல் பெங்களூரில் எங்கள் மேசையில் சன் ரே. 1999இல் வந்த தின் கிளையன்ட், சத்தமே கிடையாது. நம் கார்டைச் சொருகினால் நாம் விட்ட இடம் அப்படியே வரும். உருவினால் போய்விடும். எந்த மேசையில் சொருகினாலும் அதே திரை.

மேனேஜர் ஒரு ரிப்போர்ட் கேட்டார். கார்டை உருவிக்கொண்டு போய் அவர் மேசையில் சொருகினேன். வந்தது பாதி எழுதிய என் ராஜினாமா கடிதம். கர்சர் "ஆகவே" என்ற இடத்தில் துடித்துக்கொண்டிருந்தது. அவர் முழுக்கப் படித்துவிட்டு, "ரிப்போர்ட் எங்கே?" என்று மட்டும் கேட்டார்.

கணக்குப்பிள்ளை:
மீட்டர் சார் சொன்ன தூக்கம் செட்டிங் போட்டாயிற்று, நன்றி. ஆனால் பெரியவர் இப்போது கிளம்பும் முன் மானிட்டர் முதுகில் புறங்கையை வைத்து, காய்ச்சல் பார்ப்பது போலப் பார்க்கிறார். சூடு இருந்தால் என்னைக் கூப்பிடுகிறார். ஏசி விஷயத்தை ஆடிட்டரிடம் யார் சொல்வது? நான் மாட்டேன்.